பிரித்துப் போடும் உரிமை

ஒரு பெண்ணின் கைவேலையைப் பார்த்து இனி யாராவது "எவ்வளவு பொறுமை!" என்று வியந்தால் அவர்களோடு சண்டைக்குப் போவது என்று முடிவெடுத்திருக்கிறேன். குரோஷாவில் பின்னிய மேசைவிரிப்பைக் கையில் எடுப்பார்கள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார்கள். பிறகு அந்தச் சொல் வந்து விழும். பாலம் கட்டிய பொறியாளரிடம் யாரும் உங்களுக்கு எவ்வளவு பொறுமை என்று சொல்வதில்லை. அறுநூறு பக்க நாவல் எழுதிய ஆணிடமும் சொல்வதில்லை. அங்கே அறிவு, கற்பனை, ஆளுமை என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கின்றன. பெண் கையில் ஊசியும் நூலும் இருந்தால் மட்டும் பொறுமை. செக்கிழுக்கும் மாட்டுக்கும் அது உண்டு.

இந்தப் பாராட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. பொறுமை குணம், குணத்துக்குக் கூலி கிடையாது. யோசனை வேலை, வேலைக்குக் கூலி கேட்கலாம். குரோஷா பின்னுகிற பெண் யோசிக்கிறாள் என்று ஒப்புக்கொண்டால் பெயர் தர வேண்டும், பணம் தர வேண்டும், அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் சோறு யார் வடிப்பது என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். அதைவிடப் பொறுமை என்று சொல்லிவிட்டுப் போவது மலிவு.

இன்னொரு சொல் பொழுதுபோக்கு. எங்கள் நாகரசம்பட்டியில் போக்குவதற்குப் பொழுது வைத்திருக்கிற பெண்ணை யாராவது காட்டினால் நன்றாக இருக்கும். விடிவதற்கு முன்பே போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் ஓசூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஏறாதவர்கள் மாட்டுக்கும் மாந்தோப்புக்கும் போகிறார்கள். மாங்காய்க் காலத்தில் கூழ் தொழிற்சாலை வேலையும் சேர்ந்துகொள்ளும். இதற்கு நடுவில் பின்னுகிறார்கள் என்றால் பொழுது போகாமல் பின்னவில்லை. தூக்கத்திலிருந்து எடுத்துப் பின்னுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒருத்தி. வயது முப்பத்து நான்கு. மின்னணுப் பாகங்கள் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவள் வாசல் தோரணம் ஒன்றை வடிவமைத்த மூன்று வாரங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கம்பளி நூலில் மாவிலைத் தோரணம் பின்னுவது ஊர் ஊராக நடப்பதுதான். அவளுக்கு அதில் மாங்காயும் தொங்க வேண்டும். பொதுவாக ஏதோ ஒரு மாங்காய் போதாது. எங்கள் கிருஷ்ணகிரித் தோப்புகளில் காய்க்கிற பெங்களூரா, கிளிமூக்கு என்பார்களே, அதுவேதான் வேண்டும். பார்த்தவுடன் "இது நம்ம காய்" என்று தெரிய வேண்டும்.

குரோஷாவில் வட்டம் எளிது. ஆறு கண்ணியில் தொடங்கி, சிங்கிள் குரோஷாவில் சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் வரும். குறைவாகக் கூட்டினால் கிண்ணமாகக் குழியும். அதிகமாகக் கூட்டினால் முட்டைக்கோஸ் இலை மாதிரி ஓரம் சுருண்டு எழும். பெங்களூரா வட்டமும் இல்லை, முட்டையும் இல்லை. ஒரு பக்கம் புடைத்து, மறுபக்கம் ஒடுங்கி, நுனியில் மூக்கு வளைகிறது. ஒரே சுற்றில் இந்தப் பக்கம் கூட்டவும் அந்தப் பக்கம் குறைக்கவும் வேண்டும். எத்தனை கண்ணிக்கு ஒருமுறை என்று சொல்ல எந்த வீடியோவும் இல்லை. இருக்கிற வீடியோக்களிலும் அமெரிக்கர் சிங்கிள் என்பதை பிரிட்டிஷார் டபுள் என்கிறார்கள். இந்திக்காரர் இரண்டையும் கலந்து பேசுகிறார்.

முதல் காய் கத்தரிக்காய் போல வந்தது. இரண்டாவதில் மூக்கு வந்தது, ஆனால் ஒட்டவைத்த மூக்கு. மூன்றாவது அச்சு அசல் மாங்காய். அன்று இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கே ஓடிவந்து, "அக்கா, பாருங்க, காம்பு கிள்ளுனா பால் வரும்" என்றாள். பஞ்சு அடைத்து ஆறு காயைக் கட்டித் தொங்கவிட்டதும் பட்டை நடுவில் தொய்ந்து, தோரணம் துணிக்கொடி ஆகிவிட்டது. கனம். பஞ்சை எடுத்தால் வடிவம் போயிற்று. நான்கு நாள் ஊசியைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் பகல் ஷிப்ட் முடிந்து வந்தவள் பின்னினாள். கண்ணிகள் இறுகிக் கிடந்தன. உடம்பு அசந்தால் கை இறுகும் என்பது இந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதே எண்ணிக்கை, அதே ஊசி, காய் மட்டும் ஒரு விரற்கடை சிறுத்துவிட்டது. இடையில் பச்சை நூல் தீர்ந்தது. பெங்களூர் சிக்பேட்டையிலிருந்து வந்த அதே எண் நூல் வேறு சாயத் தொகுதி, இலையில் பாதி ஒரு பச்சை, பாதி வேறு பச்சை.

பதினொன்றாவது காயில்தான் வந்தது. அதுவரை காம்பிலிருந்து தொடங்கி மூக்கில் முடித்துக்கொண்டிருந்தவள், தலைகீழாக மூக்கின் நுனியில் நான்கு கண்ணி போட்டுத் தொடங்கினாள். மூக்கிலிருந்து காய் வளர்ந்தது. வளைவு தானாக அமைந்தது. பஞ்சு தேவைப்படாத அளவுக்குப் பின்னல் இறுக்கமாக நின்றது. ஒரு பொருளை எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வியைத் திருப்பிப்போட்டு விடை கண்டிருக்கிறாள். இதைப் பொறுமை என்று யாராவது சொல்லட்டும், பார்ப்போம். அதன் பெயர் சிந்தனை.

இதே ஊசி வேறொரு கையில் இருந்தபோது அதற்குக் கணிதம் என்று பெயர் கிடைத்தது. லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டைனா தைமினா, 1997இல் அதிபரவளையத் தளத்தைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். அதாவது, அளவுக்கு மீறிக் கூட்டினால் ஓரம் சுருண்டு எழும் என்றேனே, அந்தச் சுருளை ஒரே விகிதத்தில் வளர்த்தார். அதற்கு முன் காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் கை பட்டால் கிழிந்தன. நம் பெண்கள் 'கெட்டுப்போச்சு' என்று பிரித்துப்போடுகிற அந்த முட்டைக்கோஸ் விளிம்பு, வகுப்பறையில் மாணவர்கள் மடித்துத் தடவிப் பார்க்கும் வடிவியலானது. வேடிக்கை என்னவென்றால், இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்துக்கு முதலில் கிடைத்தது விசித்திரத் தலைப்புக்கான பரிசு. கணிதச் சங்கத்தின் ஆய்லர் புத்தகப் பரிசு 2012இல் வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் படித்துப் பார்த்திருக்கிறார்கள்.

என் வழக்கு பதினொன்றாவது மாங்காயைப் பற்றியதல்ல, அதற்கு முந்தைய பத்தைப் பற்றியது. அந்தப் பத்தையும் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க வீட்டில் பேச்சு. "மூணு நாள் வேலையப் போயி உருவிப் போடுறியே, நூலு சும்மாவா வருது?" மாமியார் கேட்டது நியாயமில்லை என்று சொல்லமாட்டேன், அந்த வீட்டில் நூலும் காசுதான். ஆனால் நான் கவிதை எழுதுகிறவள். எழுதியதைக் கிழித்துப்போட்டால் என் வீட்டில் யாரும் தாள் சும்மாவா வருகிறது என்று கேட்பதில்லை. கிழித்துப்போடுவது கவிஞருக்கு அழகு. பத்து ஆண்டு எழுதாமல் இருந்த கவிஞரைப் பற்றி 'மௌன காலம்' என்று ஆய்வேடு எழுதுகிறோம். அப்படி ஒரு தலைப்புக்கு நானே மதிப்பெண் போட்டிருக்கிறேன். பின்னுகிறவள் நான்கு நாள் ஊசியைத் தொடாவிட்டால் சோம்பல், பிரித்துப்போட்டால் ஊதாரித்தனம். படைப்பின் ஏற்றத்தைக் கொஞ்சம் பாராட்டிவிடுகிறார்கள். இறக்கத்துக்குத்தான் அவளுக்கு அனுமதி இல்லை. தோற்க இடம் இல்லாதவளுக்கு ஏற்கெனவே தெரிந்த ரோஜாப்பூவையே மறுபடியும் மறுபடியும் பின்னுவது ஒன்றுதான் வழி. பிறகு நாமே சொல்வோம், பெண்களின் கைவேலையில் புதுமை இல்லை என்று.

தமிழ்ப் பாடம் நடத்துகிறவள் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். நூல் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இழை என்றும் பொருள், புத்தகம் என்றும் பொருள். நன்னூலில் பவணந்தி இதை ஓர் உருவகமாக விரிக்கிறார். சொல் பஞ்சு, செய்யுள் இழை, வாய் கை, அறிவு கதிர். நூற்கிற பெண் யார்? புலவன். ஆண்டுதோறும் இந்தச் சூத்திரத்தை நடத்துகிறோம், உவமை நயம் சொல்லிக் கைதட்டல்கூட வாங்குகிறோம். புலவன் நூற்கும் பெண்ணைப் போன்றவன் என்றால், நூற்கும் பெண்ணும் புலவனைப் போன்றவள்தானே? அந்தப் பக்கம் போகும் உரையை நான் கண்டதில்லை. அவளிடம் தொழிலைக் கடன் வாங்கிக்கொண்டார்கள், பெயரைத் திருப்பித் தரவில்லை.

ஓசூர்ப் பக்கம் இதற்கு வேறொரு வடிவம் உண்டு. பெண்களின் விரல்கள் மெல்லியவை, நுணுக்கமான வேலைக்கு ஏற்றவை என்று சொல்லித்தான் வேலைக்கு எடுக்கிறார்கள். அதே நுணுக்கத்தைத் திறன் என்று சம்பளப் பட்டியலில் எழுதுவதில்லை. டயேன் எல்சன், ரூத் பியர்சன் என்ற இருவர் 1981இலேயே உலகச் சந்தைத் தொழிற்சாலைகளைப் பற்றி இதை எழுதிவிட்டார்கள். பெண்ணின் விரல் பிறப்பால் நுணுக்கமானது அல்ல. தாயிடமும் அக்கம்பக்கத்திலும் தையலும் வீட்டு வேலையும் செய்து பல ஆண்டுகள் பழகிய விரல் அது. அந்தப் பயிற்சி வீட்டுக்குள் நடந்ததால் கண்ணில் படவில்லை. கண்ணில் படாததால் இயற்கை என்றார்கள், இயற்கைக்கு விலை இல்லை என்று முடித்தார்கள். எங்கள் தெருக்காரி எட்டு மணி நேரம் அங்கே விரலை விற்றுவிட்டு வந்து, அதே விரலால் இங்கே மாங்காயின் மூக்கைக் கண்டுபிடிக்கிறாள். இரண்டு இடத்திலும் அவளுக்குக் கிடைக்கிற பாராட்டு ஒன்றே.

ஆந்திராவின் மேற்கு கோதாவரிப் பகுதியில் நரசாப்பூர் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கொண்டுவந்த குரோஷா லேஸ் அங்கே ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. மரியா மீஸ் அந்தப் பெண்களோடு பழகி ஆய்வு செய்து 1982இல் புத்தகமாக்கினார். உலகச் சந்தைக்குச் சரக்கு செய்த அந்தப் பெண்களை வணிகர்கள் தொழிலாளிகளாகக் கணக்கில் கொள்ளவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்றார்கள். பூ பின்னுகிறவள் ஒருத்தி, பூக்களை இணைக்கிறவள் இன்னொருத்தி என்று வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. முழு விரிப்பு எப்படி இருக்கும் என்பது பூ பின்னுகிறவளின் கவலை இல்லை என்றாயிற்று. என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம். குறைந்த கூலியைக் கேட்டு வாங்கப் போராடலாம். முழுமையை யோசிக்கும் வேலையையே கையிலிருந்து பிடுங்கிவிட்டால் எதைக் கேட்பது? 2024இல் நரசாப்பூர் லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. அதில் ஊருக்குப் பெயர் இருக்கிறது.

குரோஷாவைப் பின்னித் தள்ளும் இயந்திரம் எந்தத் தொழிற்சாலையிலும் இன்றுவரை ஓடவில்லை என்பதை மாணவிகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு, லேஸ் நெய்ய உண்டு. குரோஷாவைப் போலத் தோன்றும் துணியும் இயந்திரத்தில் வரும். உண்மையான குரோஷா, கொக்கி ஊசியால் கண்ணிக்குக் கண்ணி கையால் பின்னியதுதான். ஆகவே இணையக் கடையில் முந்நூறு ரூபாய்க்குக் குரோஷா மேல்சட்டை வந்தால், அது உண்மையில் குரோஷாவாக இருக்கும் பட்சத்தில், எங்கோ ஒருத்தியின் முழு நாளோ இரண்டு நாளோ அதற்குள் இருக்கிறது. சல்லிசாக வாங்கினேன் என்று மகிழ்வதற்கு முன் அவளுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ஒயர் கூடை பின்னாத வீடு எங்கள் தலைமுறையில் குறைவு. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று பின்னல்களுக்கெல்லாம் பெயர் உண்டு. பிளாஸ்டிக் ஒயர் வந்த பிறகு, நம் காலத்துக்குச் சற்று முன்னால்தான், யாரோ ஒருத்தி உட்கார்ந்து பிரித்துப் பிரித்துக் கண்டுபிடித்த முடிச்சுகள் இவை. முடிச்சுக்குப் பெயர் இருக்கிறது, போட்டவளுக்கு இல்லை. கோலத்திலும் இதுதான். 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் கோலங்களைக் கணினி மொழியியலின் இலக்கணமாக ஆராய்ந்தார்கள். கோலத்துக்குள் கணக்கு இருக்கிறது என்று உலகுக்குச் சொன்னவர்களில் இருவர் பெண்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தக் கணக்கைத் தினமும் வாசலில் போட்டு, போட்டதை மறுநாள் கூட்டித் தள்ளியவர்கள்தாம் பெயரில்லாமல் போனார்கள்.

"அது எல்லாருக்கும் பொதுவான சொத்து, பெயர் போட்டால் அழகு போய்விடும்" என்று ஒரு வாதம் வரும். பொதுவுடைமையை இவர்கள் பெண்களின் சமையலிலும் கைவேலையிலும் மட்டும் கண்டுபிடிக்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஒரே நாளில் கவியரங்கமும் கைவினைக் கண்காட்சியும் நடந்தன. கவியரங்கத்துக்கு வந்த ஒவ்வொருவர் பெயரும் பட்டத்தோடு ஃபிளெக்ஸில் இருந்தது. மேசைகளில் 'மகளிர் கைவண்ணம்' என்று ஒரே ஓர் அட்டை. செய்த பெண்களின் பெயரை எழுதி வைக்கலாமே என்றேன். "அதெல்லாம் எதுக்கு மேடம், இடம் பத்தாது" என்றார்கள்.

சட்டமும் இவள் பக்கம் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 15 என்ன சொல்கிறது? வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவர் அனுமதியோடு வேறொருவரோ தொழில்முறைச் செயலாக ஐம்பது முறைக்கு மேல் உருவாக்கிவிட்டால் பதிப்புரிமை முடிந்துவிடும். கையால் பின்னுவது தொழில்முறைச் செயலா இல்லையா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம், அவளிடம் வழக்கறிஞர் இல்லை. பதிவு செய்யலாம்தான், ஆனால் ஊருக்குக் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். மாங்காய் வந்த அன்று இரவே அவள் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். முதல் வெற்றியை யாருக்காவது காட்ட வேண்டாமா? இரண்டே மாதத்தில் ஒரு கடைக்காரர் அவளிடம் வாங்கிய மாதிரியைப் பக்கத்து ஊர்ப் பெண்களிடம் கொடுத்துத் துண்டுக் கூலிக்குப் பின்ன வைத்தார். அந்தப் பெண்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்களும் நரசாப்பூர்க்காரிகள்தான்.

என் தோழியரில் சிலர் வேறு திசையிலிருந்து கேட்கிறார்கள். ஊசியும் நூலும் பெண்ணை வீட்டுக்குள் குனிய வைத்த கருவிகள் அல்லவா, அவற்றைப் போய்ப் போற்றுகிறாயே? கேட்க வேண்டிய கேள்வி. ரோசிக்கா பார்க்கர் 1984இல் பூத்தையலின் வரலாற்றை எழுதியபோது, அது பெண்மையைப் பயிற்றுவிக்கும் சிறையாகவும் அதே சமயம் பெண்கள் எதிர்த்துப் பேசும் இடமாகவும் இருந்ததைக் காட்டினார். நம் ஊரிலும் இரண்டும் உண்டு. நாகர்கோவிலுக்கு 1819இல் வந்த மால்ட் தம்பதியரில் மார்த்தா மால்ட், பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல, திண்டில் குண்டூசி குத்திப் பின்னும் லேஸ். அடக்கமும் ஒழுங்கும் கற்பிக்கும் மிஷனரி ஏற்பாடுதான். ஆனால் அடிமைப்படுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த சில பெண்கள் அந்த வருமானத்தில் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. குனிந்த தலையோடு பின்னினார்கள், அதைக்கொண்டே நிமிர்ந்தார்கள். ஊசியைத் தூக்கி எறியச் சொல்வதற்கு முன் அந்தக் காசு யார் கையில் சேர்ந்தது என்று கேட்பது உபயோகமான கேள்வி.

வேறு சிலர், பின்னுவதில் மனநிம்மதி இருக்கிறது, அதில் ஏன் காசைக் கொண்டுவருகிறாய் என்கிறார்கள். நிம்மதி இருக்கட்டும். பேரனுக்குப் பின்னுகிற பாட்டியிடம் நான் விலைப்பட்டியல் கேட்கப் போவதில்லை. 2016 ஜனவரியில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் சென்னையில் 11,148.5 சதுர மீட்டருக்குப் போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை செய்ததும் மகிழ்ச்சியில் விளைந்ததுதான். சிதறிக்கிடந்த பெண்கள் ஒன்றுசேர்ந்ததே பெரிது. என்றாலும் நாம் அந்தப் போர்வையின் பரப்பைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். அதற்குள் இருந்த சதுரங்களில் யாரோ ஒருத்தி புதிதாக யோசித்த சதுரமும் இருந்திருக்கும். அதை அளக்க கின்னஸில் நாடா இல்லை.

இனி கணக்கு. ஒரு தோரணத்துக்குப் பதினான்கு இலை, இலைக்குக் கால் மணி, ஆக மூன்றரை மணி நேரம். ஆறு மாங்காய், காய்க்கு முக்கால் மணி, ஆக நாலரை. பட்டையும் இணைப்பும் ஒரு மணி. மொத்தம் ஒன்பது மணி நேரம். நூலுக்கு 140 ரூபாய். கடைக்காரர் கொடுத்த விலை 300. ஒன்பது மணி நேரத்துக்கு மிச்சம் 160 ரூபாய், மணிக்குப் பதினெட்டு ரூபாய்கூட இல்லை. 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 336 ரூபாய். பிரித்துப்போட்ட பத்து மாங்காய்க்கும் மூன்று வாரத்துக்கும் இந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

அவளும் நானும் உட்கார்ந்து புது விலை போட்டோம். கைநேரத்துக்கு ஒரு தொகை, நூலுக்கு ஒரு தொகை, மூன்றாவதாக 'யோசனைக்கு' என்று ஒரு வரி. அந்த மூன்றாவது வரியை எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. "இதுக்கெல்லாம் காசு கேட்டா அடிக்க வருவாங்கக்கா." இப்போது ஒரு தோரணம் 900 ரூபாய். பின்பக்கம் அவள் பெயர் தைத்த சிறு துணிப்பட்டை. முதல் மாதம் ஐந்து பேர் விலை கேட்டு மூன்று பேர் போய்விட்டார்கள். இரண்டு பேர் வாங்கினார்கள். அதில் ஒருத்தி பட்டையைக் கத்தரித்துவிட்டுத் தரச் சொன்னாளாம், பரிசு கொடுக்கப் போகிறாளாம், தான் பின்னியதாகச் சொல்லிக்கொள்ள. இவள் கத்தரிக்கவில்லை.

நான்கு மாதமாக அவள் புதிதாக எதுவும் பின்னவில்லை. பூவரசம்பூவை எடுத்தாள். இதழ் ஒன்றின் மேல் ஒன்று சுற்றிப் படிவது வரவே இல்லை. பிரித்து நூலைச் சுருட்டி வைத்திருக்கிறாள். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னம்மா, விட்டுட்டியா?" என்று கேட்கிறார்கள். "விடல, யோசிச்சிட்டு இருக்கேன்" என்கிறாள். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போகிறார்கள்.